துருப்பிடிக்காத ஊரில் துருவுக்கு என்ன வேலை? கஞ்சமலை முதல் நாமக்கல் வரை ஓர் இரும்புப் பயணம்!

வீட்டு கேட்டில் லேசாகத் துரு தெரிந்தாலே பெயின்ட் டப்பாவைத் தேடுகிறவர்கள் நாம். ஆனால், இப்போது கஃபே சுவர், கடைப் பெயர்ப்பலகை, தோட்டத்துச் செடித்தொட்டி என்று பல இடங்களில் துருவையே அலங்காரமாக வைக்கிறார்கள். 'காசு கொடுத்துத் துருப்பிடிக்க வைப்பதா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் தேடிப் போக, சேலம் - நாமக்கல் சமவெளி நல்ல இடம். இரும்பு பிறக்கும் மலை, துருப்பிடிக்காத எஃகு ஆலை, துருவோடு தினமும் சண்டை போடும் லாரிப் பட்டறை மூன்றும் ஒரே பகலில் பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன.

காந்தம் ஒட்டும் மலை

சேலம் நகரத்துக்கு மேற்கே இருக்கிறது கஞ்சமலை. அடிவாரத்தில் இருக்கும் சித்தர் கோயிலுக்கு அமாவாசை அன்று கூட்டம் அலைமோதும். கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தையும் எடுத்துப் போகலாம். அங்கே கிடக்கும் கருத்த, கனமான கல்லின் அருகே கொண்டுபோனால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் மேக்னடைட் இரும்புத் தாது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கியதற்கு சேலம் பகுதியின் தாதுதான் காரணம்.

இந்தத் தாது வேறொன்றுமில்லை, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். துருவும் அதே கூட்டணிதான். கூடவே கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அவ்வளவே. உலையில் தீ மூட்டி ஆக்சிஜனை விரட்டினால் இரும்பு கிடைக்கிறது. மழையிலும் காற்றிலும் விட்டால், அந்த இரும்பு மீண்டும் ஆக்சிஜனைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. துரு என்பது இரும்பு தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பயணம் என்று சொல்லலாம்.

எவர்சில்வரின் ரகசியம்

அதே கஞ்சமலைப் பகுதியில்தான் சேலம் உருக்காலை இருக்கிறது. 1970-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1981-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. நம் சமையலறையில் நாம் 'எவர்சில்வர்' என்று அழைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் இதன் அடையாளம். அதில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் கலந்திருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கி, உள்ளே இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். சாதாரண இரும்பின் துரு அப்படியல்ல. அது அளவில் பெருத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும். அதுவும் துருப்பிடிக்கும்.

நாமக்கல்லின் சிவப்புப் பூச்சு

ராசிபுரம் வழியாக நாமக்கல் வந்தால், லாரி பாடி கட்டும் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படும். நாமக்கல் ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். கல்லுக்கு அது தாங்கும், லாரிக்குத் தாங்காது. அதனால்தான் வண்ணம் அடிக்கும் முன் இரும்பின் மேல் 'ரெட் ஆக்சைடு' பூசுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் செம்மண் நிறத்தைத் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். துருவின் உறவுக்காரனை வைத்தே துருவைத் தடுக்கிறார்கள்!

துருவே கவசமானால்?

1933-ல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 'கார்ட்டன்' என்ற எஃகை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செம்பு, குரோமியம், பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த இந்த எஃகில் பிடிக்கும் துரு உதிராமல், இறுக்கமாக ஒட்டிக்கொண்டு கவசமாகிவிடும். முதலில் சரக்கு ரயில் பெட்டிகளுக்குத்தான் பயன்பட்டது. நம் ரயில்வேயும் இந்த வகை எஃகைப் பயன்படுத்துகிறது. 1964-ல் கட்டிடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த ஜான் டீர் தலைமை அலுவலகம் திறக்கப்பட்ட பிறகு, அந்தத் துரு நிறம் கட்டிட உலகில் ஃபேஷன் ஆனது.

ஆனால், இந்தக் கவசம் உருவாக நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். உப்புக்காற்று அதற்கு எதிரி. ஹவாய்த் தீவில் 1975-ல் கட்டிய அலோஹா விளையாட்டரங்கில் இந்த எஃகைத்தான் பயன்படுத்தினார்கள். கடல் காற்றில் துரு நிற்காமல் அரித்துக்கொண்டே போய், பராமரிப்பு பெரிய தலைவலியானது. அந்த வகையில் கடலிலிருந்து விலகி, வெயில் காயும் சேலமும் நாமக்கல்லும் சென்னைக் கடற்கரையைவிட இதற்கு ஏற்றவை.

வீட்டில் செய்து பார்க்க...

கார்ட்டன் இல்லாமல், சாதாரண எம்.எஸ். ஷீட்டிலும் இந்த நிறத்தைக் கொண்டுவரலாம். எவர்சில்வரும் துத்தநாகம் பூசிய தகடும் இதற்கு வேண்டாம்.

* தகட்டின் எண்ணெய்ப் பசை போக சோப்பு போட்டுக் கழுவுங்கள். மேலே நீலம் கலந்த கருப்புத் தோல் போல இருப்பதை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அது இருந்தால் துரு திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.
* முதலில் வெள்ளை வினிகரைத் தெளித்து வெயிலில் காயவிடுங்கள்.
* மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டரில், 60 மில்லி வினிகர், அரை மேசைக்கரண்டி உப்பு கலந்து தெளியுங்கள். சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறம் தெரியும். காயக் காய இரண்டு மூன்று முறை தெளித்தால் நிறம் ஆழமாகும்.
* பிடித்த நிறம் வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவுங்கள். முழுதாகக் காய்ந்த பின் உதிரும் பொடியைத் துடைத்துவிட்டு, மேட் ஃபினிஷ் கிளியர் லாக்கர் அடியுங்கள். வீட்டுக்குள் வைக்கும் பொருள் என்றால் மெழுகு பாலிஷும் போதும். எதைப் பூசினாலும் நிறம் கொஞ்சம் கருக்கும். அதனால் ஒரு துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். கலவையை அவ்வப்போது தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மிச்சத்தை மூடி வைக்கவே கூடாது, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எங்கே கூடாது?

லாக்கர் வெயிலில் நாளடைவில் வெளிறி உரியும். வெளியே வைத்த பொருளுக்கு அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் மழைநீர் வழிந்து சுவரிலும் டைல்ஸிலும் கறை படியும், தகடும் மெலியும். அதைவிட முக்கியமானது, எடை தாங்கும் எதிலும் இந்த விளையாட்டு வேண்டாம். மாடிப்படி, பால்கனிக் கைப்பிடி, ஊஞ்சல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு... இவற்றில் துருவை அழகு என்று விட்டால், உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. குழந்தை சாயும் கைப்பிடிக்கு நாமக்கல் பட்டறையின் ரெட் ஆக்சைடுதான் சரி.

பெரியவர்களின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். துருப்பிடிக்க வைப்பதற்கு அல்ல, பிடித்த துருவைப் பாதி வழியில் நிறுத்தி வைப்பதற்குத்தான் காசு. நிறுத்த முடிகிற இடத்தில் அது அழகு. முடியாத இடத்தில், பெயின்ட் டப்பாவைத் தேடும் நம் பழக்கமே நல்லது!