தாய்ச்செடி இருக்கா, பேரு மட்டும்தானா?

கஞ்சா பத்தி ஒரு பதிவு. உடனே ஆட்டோ அனுப்பிடாதீங்க மக்களே, இது அடிக்கிற கதை இல்லை, விதைக் கதை. அனுமதி இல்லாம அந்தச் செடியை வளர்க்கிறதே நம்ம நாட்டுல 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். எனக்கு இதுல பிடிச்சது தாவரவியல் மட்டும்தான்.

நெதர்லாந்துல 80-கள்ல இருந்தே கஞ்சா விதை விக்கிற கம்பெனிகள் உண்டு. ஸ்கங்க் நம்பர் 1, நார்தர்ன் லைட்ஸ், ஹேஸ்னு அன்னைக்கு வந்த பேருங்க இன்னைக்கும் கேட்டலாக்ல ஓடிக்கிட்டு இருக்கு. "ஒரிஜினல்"ங்கற வார்த்தையும் கூடவே வரும். அப்படின்னா, அந்த ரகங்களை உருவாக்கின மூலச் செடிகள் இன்னும் உயிரோட இருக்கா?

மாங்கொட்டையை நட்டா, நீங்க சாப்பிட்ட அதே மாம்பழம் காய்க்கும்னு சொல்ல முடியாது. அதனாலதான் ஒட்டுக்கன்னு. கஞ்சாவுலயும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசம். இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி, மகரந்தம் காத்துல பறக்கும். நல்ல பெண் செடி ஒண்ணு அமைஞ்சா, கிளையை வெட்டி வேர் விட வச்சு, ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் விளக்கு வெளிச்சத்துல வச்சுக்கிட்டா அது பூக்காம வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதுதான் தாய்ச்செடி. அது கிழடானா அதோட கிளை அடுத்த தாய். இப்படிப் பல வருஷம் ஓட்டலாம்.

ஆனா பாக்கெட்ல விக்கிறது கிளை இல்லை, விதை. விதைக்கு அப்பாவும் வேணும். இங்கதான் சிக்கல். ஆண் செடியை யாரும் புகைக்கிறதில்லை. அது பூத்தா பக்கத்துல இருக்கிற பெண் செடிகள் எல்லாம் விதை வச்சு, பூவுக்கு விலை போயிடும். அதனால பல பேர் ஆணைப் பார்த்ததுமே பிடுங்கிப் போட்டுடுவாங்க. ரெண்டு குறிப்பிட்ட செடிகளைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை கலப்பு விதையில, அந்த ஆண் செத்துட்டா அதே கலப்பைத் திரும்பச் செய்ய முடியாது. தம்பியையோ பிள்ளையையோ வச்சு ஒப்பேத்தலாம். பாக்கெட் மேல பேரு மாறாது.

இப்போ வரலாறு. ஸ்கங்க் நம்பர் 1 கலிஃபோர்னியாவுல 70-கள்ல உருவானது. ஆப்கன், கொலம்பிய, மெக்ஸிகோ செடிகளோட கலப்பு. டேவிட் வாட்சன்ங்கறவர் 80-கள்ல அந்த விதைகளை நெதர்லாந்துக்குக் கொண்டு போனார். அதே காலத்துல நெவில் ஷூன்மேக்கர்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் அங்க 'தி சீட் பேங்க்' நடத்தினார். 'ஹை டைம்ஸ்' பத்திரிகையில விளம்பரம், தபால்ல விதை. அமெரிக்க போதைத் தடுப்புத் துறை சும்மா இருக்குமா? 1989-ல 'ஆப்பரேஷன் கிரீன் மெர்ச்சன்ட்'னு ஒரு பெரிய ரெய்டு. 1990-ல நெவில் ஆஸ்திரேலியாவுல கைது. 1991-ல கடை பென் ட்ரோங்கர்ஸ் கைக்குப் போய் 'சென்ஸி சீட்ஸ்' ஆச்சு. 90-களோட கடைசியில நெவில் வேற கூட்டாளிகளோட 'மிஸ்டர் நைஸ்' விதைக் கம்பெனியில சேர்ந்தார். ஆக, ஒரே ஆளோட செடிகளுக்கு ரெண்டு வாரிசுகள்! ஜாடி ரெண்டு, ஊறுகாய் எதுல இருக்குன்னு சொல்ல வேண்டிய நெவிலும் 2019-ல போய்ச் சேர்ந்துட்டார்.

இதுல யாரையும் பொய்யர்னு சொல்ல வரலை. போலீஸுக்குப் பயந்து வளர்த்த செடிக்கு யார் ரிஜிஸ்டர் எழுதி வைப்பாங்க? நெல்லுன்னா அரசாங்க விதைச் சேமிப்பு இருக்கு, நகல் இருக்கு, நம்பர் இருக்கு. இதுக்கு இருந்தது ஒரு அறை, சில விளக்குகள், ஒருத்தரோட ஞாபகம். இன்னொரு வேடிக்கை: 1785-ல லாமார்க் 'கன்னாபிஸ் இண்டிகா'ன்னு பேர் வச்சதுக்கு ஆதாரமான இந்தியச் செடி, காஞ்ச மாதிரியா இன்னும் பாரிஸ்ல இருக்கு. 1985-ல புகழ்பெற்ற செடிக்கு அப்படி ஒரு இலைகூட ஒட்டி வைக்கிற வழக்கம் இல்லை.

டி.என்.ஏ. பார்த்தா தெரிஞ்சுடாதான்னு கேப்பீங்க. ஒப்பிட்டுப் பார்க்க அன்னைக்கு மாதிரி வேணுமே! இன்னைக்கு இருக்கிறதை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடலாம், அவ்வளவுதான். அமெரிக்கக் கடைகள்ல வாங்கின 30 ரகங்களோட 122 மாதிரிகளை அப்படிப் பார்த்து 2019-ல ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலான ரகங்கள்ல ஒண்ணாவது அதே பேர்ல இருக்கிற மத்ததோட ஒட்டலை.

சரி, கிளையிலேயே காப்பாத்தின தாய்ச்செடி? அதுவும் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. ஒரே செடியோட அடிக்கிளைக்கும் நுனிக்கும் இடையில மரபணு மாற்றங்கள் சேருதுன்னு 2022-ல கனடாவுல குயெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க காட்டினாங்க. அது போதாதுன்னு, ஹாப்ஸ் கொடியில இருந்த ஒரு வைராய்டு, வைரஸைவிடச் சின்ன சமாச்சாரம், கஞ்சாவுக்கும் வந்திருக்குன்னு 2019-ல கலிஃபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க. வெட்டுற கத்தி வழியாவே பரவும். செடி சாகாது, ஆனா குள்ளமாகி சத்துக் குறையும். ஒரிஜினல் தாய் உயிரோட இருந்தும் பழைய மாதிரி இல்லாமப் போக இது ஒண்ணு போதும்.

என் கணிப்பு: சில பெண் செடிகள் தப்பிச்சிருக்கும். அப்பன்கள்ல பெரும்பாலானவை போயிருக்கும். ஸ்கங்க் மாதிரி விதையாவே பெருக்கின ரகத்துல மூலச் செடின்னு ஒண்ணைத் தேடுறதே தப்பு, அங்க காப்பாத்த வேண்டியது கூட்டத்தை.

முறையா செஞ்ச உதாரணமும் உண்டு. அதே வாட்சன் பின்னாடி 'ஹார்ட்டாஃபார்ம்'னு நெதர்லாந்துல லைசன்ஸோட ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அவங்க ரகங்களை 1998-ல இங்கிலாந்தோட 'ஜி.டபிள்யூ. ஃபார்மசூட்டிகல்ஸ்' வாங்கிச்சு. 'சட்டிவெக்ஸ்' மருந்துக்காக ஒவ்வொரு பருவமும் ஒரே மாதிரி வரணும்னு கண்ணாடி வீட்டுல தாய்ச்செடி வச்சு, கிளை எடுத்தே வளர்த்தாங்க. லேப்ல சோதிச்சு, கணக்கு எழுதி. மருந்துன்னா அரசாங்கம் கேள்வி கேக்கும். விதை பாக்கெட்டை வாங்குறவர் ஏமாந்தா எந்த நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவார்?