எந்த ஊரு, எந்தப் பக்கம்?

தீபாவளி சமயத்தில் தியேட்டரில் ஒரு படம் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டில் ஒரு படம். முதலாவது மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்', இரண்டாவது நீரஜ் கெய்வானின் 'ஹோம்பவுண்ட்'. இரண்டைப் பற்றியும் எழுதச் சொல்லி எங்கள் மாலை நேர மையத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விமர்சனமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் படம் பார்க்கப் போன அன்று நான் ஒரு பொய் சொன்னேன். அதை மறைத்துவிட்டு இரண்டாவது படத்தைப் பற்றி எழுதினால் அது இன்னொரு பொய். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒகேனக்கல்லில் இருந்து தர்மபுரிக்குப் போய்ப் படம் பார்ப்பது எங்களுக்கு ஒரு நாள் வேலை. பென்னாகரம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரவுக் காட்சிக்குப் போனால் பெண்கள் திரும்பி வருவது சிரமம். மேட்னிதான் சரிப்படும். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் கூடியதால் பரிசலை நிறுத்தியிருந்தார்கள். பரிசல் நின்றால் மீன் கடையும் மசாஜும் ஆட்டோவும் சேர்ந்து படுத்துவிடும். ஊரே சும்மா இருந்தது. மையத்தில் படிக்கும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒருத்தி பிளஸ் டூ, இன்னொருத்தி காலேஜ் முதல் வருஷம். பெரியவளுக்குத் தியேட்டரில் பார்க்கும் இரண்டாவது படம் அது. சின்னவளுக்கு அதுதான் முதல்.

'பைசன்' எனக்குப் பிடித்தது. மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையை ஒட்டிய கதை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நிற்கிற கிட்டான், தன் ஊர்க்காட்டில் இருந்து அங்கே எப்படி வந்து சேர்ந்தான் என்பதுதான் படம். துருவ் உடம்பை வருத்தி நடித்திருக்கிறார். ஆனால் என் மனதில் நின்றது அப்பாவாக வரும் பசுபதிதான். மகன் விளையாடக் கூடாது என்று அவர் தடுப்பதை முதலில் பார்க்கும்போது கோபம் வரும். போகப்போகத்தான், அது மகன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கு என்று புரியும். நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பிள்ளைகளிடம் கெட்ட பேர் வாங்கியிருக்கிறார்கள்! என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஜெயித்தவன் கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பதக்கம் வாங்கினால்தான் ஒருவன் மனிதனாக நிமிர்ந்து நிற்கலாம் என்றால், பதக்கம் வாங்காத மற்ற பிள்ளைகள் என்ன செய்வது? மாரி செல்வராஜுக்கு இது தெரியாமல் இல்லை. 'வாழை'யில் தோற்றவர்களையும் செத்தவர்களையும் பற்றித்தானே எடுத்தார். இருந்தாலும் தியேட்டரில் விசில் பறப்பது ஜெயிக்கும் இடத்தில்தான்.

இன்டர்வெல்லில் நடந்ததற்கு வருகிறேன். பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம். என் வயசுப் பெண், அவர் கணவர், ஒரு சின்னப் பையன். கணவர் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் தெக்கத்திச் சமாச்சாரம். நம்ம பக்கம் இப்படியெல்லாம் கிடையாது."

எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்? அந்த தியேட்டரில் இருந்து சில கிலோமீட்டர் போனால் நாயக்கன்கொட்டாய். 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி எரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். "நம்ம பக்கம்" என்று அவர் சொன்னது இதே மாவட்டத்தைத்தான்.

அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. தமிழ் சினிமாவில் சாதி என்றாலே திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஆகிவிட்டது. அந்த மண்ணில் இருந்து வந்தவர்கள் துணிந்து எடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. வட மாவட்டத்தை எடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2021-இல் 'ஜெய் பீம்' வந்தபோது பார்த்தோம். கடலூர் மாவட்டத்தில் நடந்த உண்மை வழக்கு அது. சுவரில் தொங்கிய ஒரு காலண்டருக்காக வன்னியர் சங்கமும் பாமகவும் எதிர்ப்புத் தெரிவித்தன. படத்தில் அந்தக் காலண்டரையே மாற்றினார்கள். லாக்கப்பில் ஒரு மனிதன் அடித்துக் கொல்லப்பட்டதைவிடக் காலண்டர் பெரிதாகிப் போனது. அதன் பிறகு தர்மபுரியைப் பற்றிப் படம் எடுக்க எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்? அதனால் தர்மபுரிக்காரர் நிம்மதியாக பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டு "தெக்கத்திச் சமாச்சாரம்" என்று சொல்லலாம்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது அவர் மனைவி பையில் இருந்து முறுக்கை எடுத்து எங்கள் பிள்ளைகளிடம் நீட்டினார். நல்ல பெண். சிரித்த முகம்.

"எந்த ஊருங்க நீங்க?"

"ஒகேனக்கல்."

"அடடே, வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு வருவமே. ஒகேனக்கல்ல எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன்.

எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம் இல்லை. அங்கே எங்கள் ஆட்கள் யாருக்கும் வீடு இல்லை. கூட வந்த இரண்டு பெண்களுக்கும் அது தெரியும். சின்னவள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். விளக்கு அணைந்தது. இரண்டாம் பாதியில் ஒரு அரைமணி நேரம் என்ன ஓடியது என்று எனக்கு நினைவில்லை.

சமூகவியலில் எம்.ஏ. படித்திருக்கிறேன். அடையாளம் பற்றி வகுப்பு எடுக்கிறேன். "எங்கே போனாலும் நம்ம தெரு பேரைச் சொல்லுங்க, வெட்கப்பட வேண்டியவங்க நாம இல்ல" என்று அதே பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு முறுக்குக்கு முன்னால் அத்தனையும் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நவம்பர் கடைசியில் 'ஹோம்பவுண்ட்' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒரு தோழரின் கணக்கில், வீட்டில், லேப்டாப்பில், தனியாகப் பார்த்தேன். வட இந்தியக் கிராமம் ஒன்றில் இரண்டு நண்பர்கள். சந்தன் தலித், ஷோயப் முஸ்லிம். போலீஸ் வேலை கிடைத்தால் மரியாதை கிடைக்கும் என்று இருவரும் தேர்வு எழுதுகிறார்கள். சந்தன் முழுப்பேரைச் சொல்லத் தயங்குவான். பட்டியல் பிரிவில் விண்ணப்பிக்க உரிமை இருந்தும் பொதுப் பிரிவில் போடுவான். பிறகு சூரத் மில் வேலை, 2020 ஊரடங்கு, ஊரை நோக்கிய பயணம். உண்மையாக நடந்த சம்பவத்தைப் பற்றி பஷாரத் பீர் எழுதிய கட்டுரையில் இருந்து உருவான படம். முடிவு தெரிந்தேதான் பார்த்தேன். தெரிந்திருந்தும் அழுதேன்.

ஆனால் தனியாக அழுவது சுலபம். யாரும் எந்த ஊர் என்று கேட்கப் போவதில்லை. லேப்டாப்பை மூடினால் முடிந்தது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டர் கடன் வாங்கி, மையத்துச் சுவரில் வேட்டி கட்டி, எல்லோருக்கும் போட்டுக் காட்டினோம். சப்டைட்டிலைப் பார்த்து, இடையிடையே நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்தார்கள்.

சந்தனின் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைக்கும். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று மற்ற சாதிப் பெற்றோர் வந்து நிற்பார்கள். அந்த இடத்தில் ஒரு அம்மா, "இது எங்க நடந்துச்சு?" என்று கேட்டார். வடக்கே என்று கதை சொல்கிறது, ஆனால் நம்மிடமும் நடந்தது என்றேன். திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018-இல் ஒரு சமையலர் அம்மாவுக்கு இதேதான் நடந்தது. அவர் விடவில்லை, வழக்கு நடத்தினார். "அந்தம்மா பெரிய ஆளு" என்றார் கேட்டவர். பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊரடங்கில் ஓசூர் வரை நடந்தே வந்த ஒரு அண்ணன், நெடுஞ்சாலைக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடியும் வரை உள்ளே வரவில்லை.

படத்தில் எனக்கு ஒரு குறை, சுதா. படித்து மேலே வர வேண்டும் என்று நம்புகிற தலித் பெண். ஜான்வி கபூர் நடித்த அந்தப் பாத்திரத்துக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம். பிள்ளைகளும் இதையே சொன்னார்கள். "அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டார்கள். படத்தில் அதற்குப் பதில் போதவில்லை.

பிறகு பேரைப் பற்றிப் பேச்சு வந்தது. "நம்ம ஊர்ல பேருக்குப் பின்னாடி சாதி போடறதில்லையே, அதனால நமக்கு இந்தப் பிரச்சனை இல்லையே" என்றான் ஒரு பையன். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டவர்கள் நாம், அது பெருமைதான் என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அந்த பிளஸ் டூ பெண் கேட்டாள்:

"அக்கா, அன்னைக்குத் தியேட்டர்ல ஏன் பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னீங்க?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. பாதுகாப்பு, சூழல் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"பயம்" என்றேன். "உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருந்தேன். முறுக்கு குடுத்த கை பின்னாடி இழுத்துக்குமோன்னும் பயம். அந்தம்மா முகம் மாறிடுமோன்னு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சந்தனுக்கும் அதான" என்றாள்.

ஆமாம், அதுதான். வடக்கே முழுப்பேர் என்ன என்று கேட்பார்கள். இங்கே பட்டத்தை எடுத்துவிட்டோம், கேள்வியை எடுக்கவில்லை. எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், யார் வீடு, என்ன சாமி. மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன், நெடுநாள் கோரிக்கை. ஆனால் பலகையில் பேர் மாறினாலும், தெரு ஊரின் எந்த மூலையில் இருக்கிறது என்பது மாறவில்லையே.

சந்தன் பொதுப் பிரிவில் விண்ணப்பித்ததைப் பார்த்து, "கோழை, உரிமையை விட்டுட்டான்" என்றார்கள் சிலர். என் படிப்புப் புத்தியும் முதலில் அப்படித்தான் சொன்னது. இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைக்கிறவனை எளிதாகத் திட்டிவிடுகிறோம். மறைக்க வைக்கிற கேள்வியைக் கேட்டவர் முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டு படம் பார்க்கிறார். தைரியம் வேண்டியதுதான். ஆனால் தைரியம் முழுவதும் நம் தலையில்தான் ஏற வேண்டுமா?

அப்படியானால் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவன் கேட்டான். கூடாது. அரசமைப்புச் சட்டம் கூறு 15(2) கடை, ஓட்டலோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறது. சாதியைச் சொல்லி அங்கே யாரையும் தடுக்கக் கூடாது. அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவுக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு பெரிய தியேட்டரில், டிக்கெட் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தியதை நாடே வீடியோவில் பார்த்தது. யு/ஏ படம், குழந்தைகள் இருந்தார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு உள்ளே விட்டார்கள். அந்த சீட் சும்மா கிடைத்ததில்லை. நாம் வீட்டுக்குள் போய்விட்டால் "நம்ம பக்கம் இப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்பவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது மணி ஒன்பது. அந்தப் பெண் பாயைச் சுருட்டிக்கொண்டே, "எந்தப் பக்கம்னு கேட்டா, 'எதுக்குக் கேக்கறீங்க?'ன்னு திருப்பிக் கேட்டா என்னக்கா?" என்றாள். நான் அவளிடம் கேள்வி கேட்கிற அம்மாவாக நடித்தேன், அவள் பதில் சொன்னாள். முதல் தடவை சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவை குரல் நடுங்கியது. மூன்றாம் தடவை என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். பிறகு இடம் மாறினோம். எனக்கு நான்கு தடவை ஆனது.

அடுத்த மாதம் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' போடுகிறோம். அதற்கு முன் தர்மபுரியில் நல்ல படம் வந்தால் மறுபடியும் மேட்னிக்குப் போவோம். பக்கத்து சீட்டில் தான் உட்காருவதாக அவள் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் இந்தக் கேள்வியை எங்கே, யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். பொய் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஜெய் பீம்.