மச்சானின் குறட்டை

1986-இல் மச்சானும் நானும் புல்லட்டில் முதுமலைக்குக் கிளம்பினோம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும்போது 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதியிலேயே பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. "பிரேக்கை நம்பாதீங்க மாப்ளே, ரெண்டாவது கியர்லயே விடுங்க" என்றார். வண்டியை ஆறவிட்டு, அப்படியே இறங்கினோம்.

காட்டுக்குள் தங்கக் கூடாது. அதனால் மசினகுடியில் தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் அடித்தோம். நள்ளிரவில் பக்கத்திலேயே மூங்கில் முறியும் சத்தம். யானைதான். மச்சானோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுப் பயம் தெளிந்து நானும் தூங்கிப்போனேன்.

மறுநாள் தெப்பக்காட்டில் முகாம் யானைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. நீங்க பயப்படக் கூடாதுன்னுதான் குறட்டை விட்டேன்."

மச்சான் போய் நாலு வருஷமாகிறது. தூக்கம் வராத இரவுகளில் அந்தப் பொய்க் குறட்டையைத்தான் மனசு தேடுகிறது.