டாலர் 54-ல் இருந்தபோது

ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணா, மொத்தமா எவ்ளோ ஆகும்?" ஜி.ஆர்.இ. மார்க் பற்றிக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். நான் 2013-ல் போட்ட எக்செல் ஷீட்டை அப்படியே அனுப்பிவிடுவேன். ஃபீஸ், வாடகை, ஹெல்த் இன்ஷூரன்ஸ், செவிஸ் கட்டணம் (அப்போது 200 டாலர், இப்போது 350), ஃப்ளைட் டிக்கெட் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லா வரியும் மேலே வலது மூலையில் இருக்கிற ஒரே ஒரு செல்லைப் பிடித்துத் தொங்கும். அதில் 54 என்று இருக்கும்.

2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் கிட்டத்தட்ட 54 ரூபாய். டெக்சாஸில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கிடைத்திருந்தது. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் ஐ-20 தருவார்கள், அது இருந்தால்தான் விசாவுக்கே போக முடியும். என்னுடைய ஐ-20-ல் 30,000 டாலர். 54-ஆல் பெருக்கினால் 16,20,000. அப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். அந்த எண்ணை அவரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, பேப்பரில் எழுதி நீட்டினேன்.

கல்விக்கடன் விதி அன்று இப்படி: 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன், அதற்கு மேல் போனால் சொத்து. செலவில் 15 சதவீதம் நம் கைக்காசு வேறு. எங்களிடம் இருந்த சொத்து திண்டுக்கல்லில் ஒரு வீடு, அம்மா பெயரில். அம்மா 2009-ல் இறந்துவிட்டாள், உயில் எதுவும் எழுதவில்லை. பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரத்தையும் 30 வருட வில்லங்கத்தையும் வாரிசுச் சான்றிதழையும் புரட்டிவிட்டு, "மூணு பேருக்கும் சம பங்கு. பொண்ணும் கையெழுத்துப் போடணும்" என்றார். அதுவரை அது அப்பா வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது என்பதை எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது பேங்க்தான்.

அக்கா பி.எஸ்சி. கணிதம். 2008-ல் எம்.சி.ஏ. சேர எல்லாம் தயாராக இருந்தது, கோயம்புத்தூரில் சீட்டும் கிடைத்தது. அந்த வருடம்தான் அம்மாவுக்கு வைத்தியம், எனக்கு இன்ஜினீயரிங் இரண்டாம் வருட ஃபீஸ். அக்கா போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி வந்தது, போனது. அப்புறம் கல்யாணம், திருப்பூர்.

மாமா ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். கையெழுத்துப் பேச்சு எடுத்ததும் அவர் உடனே தலையாட்டவில்லை. "ஷீட்டைக் காட்டு மாப்ள" என்றார். வாங்கிப் பார்த்துவிட்டு, "டாலர் 54-ன்னு போட்டிருக்க. 60 போட்டுப் பாரு" என்றார். அப்பாவுக்குக் கோபம். மாப்பிள்ளை குறுக்கே நிற்கிறார் என்று அடுக்களைக்குள் போய் முனகினார். எனக்கு என்னவோ, அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்று தோன்றியது. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எஸ்.ஓ.பி. திருத்திக் கொடுத்தவர்கூட அதைக் கேட்கவில்லை. 60 போட்டேன். 18 லட்சம். இழுத்துப் பிடித்தால் ஓடும்.

அக்கா எட்டு மாதக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள், ரேகை வைக்கச் சொன்னார்கள். குழந்தை என் தோளில் தூங்கியது. "முழுச் சம்மதம்தானேம்மா?" என்று அந்த அதிகாரி வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "ம்" என்றாள். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, "மூணுல ஒண்ணுன்னா எந்த ரூம்டா என்னுது?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை.

அதே மே 22-ம் தேதி பென் பெர்னான்கி அமெரிக்க காங்கிரஸ் முன்னால் உட்கார்ந்து, பத்திரம் வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிவரலாம் என்கிற மாதிரிப் பேசினார். இங்கிருந்த டாலரெல்லாம் திரும்பிப் போக ஆரம்பித்தது. ஆகஸ்ட் 28-ம் தேதி டாலர் 68-ஐத் தாண்டியது. என் முதல் செமஸ்டர் பணம் போனது அந்த வாரம்தான். 9,000 டாலர். ஷீட்டின்படி 4,86,000. 68 என்று வைத்தாலே 6,12,000. பேப்பரில் வருகிற ரேட் வேறு, பேங்க் நம்மிடம் போடுகிற ரேட் வேறு, அது இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் என்பதெல்லாம் அன்றுதான் தெரியவந்தது. மாமா கம்பெனி டாலரில் வாங்குகிற கம்பெனி, ஏறினால் அவர்களுக்கு லாபம். "முதலாளி ஸ்வீட் கொடுத்தாரு மாப்ள" என்று ஸ்கைப்பில் சங்கடமாகச் சொன்னார்.

என்னைக் கரையேற்றியது டெக்சாஸின் ஒரு விதி. போட்டி போட்டு வாங்கும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்தால், வெளிநாட்டு மாணவனும் உள்ளூர்க்காரன் கட்டுகிற ஃபீஸ் கட்டினால் போதும். இரண்டாம் செமஸ்டரில் டிபார்ட்மென்ட் எனக்கு அந்த 1,000-ஐக் கொடுத்தது. ஃபீஸ் ஏறக்குறையப் பாதியானது. அந்த ஆயிரத்தின் மதிப்பு ஆயிரம் இல்லை. இப்போது யார் கேட்டாலும் ரேங்கிங்கைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மாதிரி விதிகளைப் படி என்றுதான் சொல்கிறேன். ஜெர்மனி போகிறவன் கணக்கு வேறு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை, ஆனால் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோவாக அது உன் கைக்கே திரும்பி வரும். காட்ட வேண்டிய பணமும் செலவழிக்கிற பணமும் ஒன்றல்ல.

படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் வட்டியில் ஒரு சதவீதம் குறைப்பார்கள். அப்பா கட்டினார். மாதம் 6,000-க்கு மேல், ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஏறிக்கொண்டே போனது. ரசீதுகளை ஒரு காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

2015-ல் படிப்பு முடிந்து வேலை கிடைத்தது. அப்புறம் டாலர் ஏறினால் எனக்கும் ஸ்வீட் சாப்பிடத் தோன்றியது, கடன் ரூபாயில் அல்லவா இருக்கிறது. 2017-ல் அடைத்து முடித்தேன். ஹெச்-1பி லாட்டரியில் மூன்று முறையும் பெயர் விழவில்லை, 85,000 இடங்களில் எனக்கு ஒன்று இல்லை. 2018-ல் சென்னைக்கு வந்துவிட்டேன். இதற்கு என் ஷீட்டில் காலமே கிடையாது.

கடன் முடிந்ததும் பத்திரத்தை வாங்க அப்பாவும் அக்காவும்தான் பேங்குக்குப் போனார்கள். நான் அப்போது டல்லாஸில் இருந்தேன். அன்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். அங்கே எனக்குக் காலை.

"பத்திரம் எங்கிட்டயே இருக்கட்டும்டா. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"மாமா சொன்னாரா?"

"இல்ல. நான்தான்."

சரி என்றேன். இப்போதும் அது திருப்பூரில் அவள் பீரோவில்தான் இருக்கிறது, பட்டுப்புடவைகளுக்கு அடியில், பேங்க் கொடுத்த பச்சைக் கவரோடு.