மாடியறையின் வெப்பக் கணக்கு

கணக்குப் பாடம் வாழ்க்கைக்கு எவ்வாறு உதவும் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நம் கலாசாலையில் பயின்ற காலத்தில் யானும் என் ஆசிரியரிடம் அதையே கேட்டவனாதலின், அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. சென்ற கோடையிலேதான் அவ்வினாவிற்குத் தக்க விடை கிடைத்தது. அதனை நேயர்களுக்குத் தெரிவிக்க விரும்புகின்றேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலம் ஒரு காலத்தில் ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. வேலை வந்தது, வேலையாட்களும் வந்தனர், அவர்கள் தலைசாய்க்க இடந்தான் எளிதில் வரவில்லை. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் அறைக்கு அறுவராகத் தங்கும் விடுதிகளைச் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது நற்செய்தியே. ஆயினும் இன்றும் பலர் கிராமத்து மாடியறைகளிலேயே குடியிருக்கின்றனர்.

என் தமக்கை மகன் அவர்களுள் ஒருவன். இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்று, காலையில் திரும்பிப் பகலில் உறங்கவேண்டியவன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவன், "மாமா, நேற்று நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன், பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார்" என்றான். அவன் கை எதனருகே இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாளே அங்குச் சென்றேன். வீட்டுக்கார அம்மையார் கணவனை இழந்தவர். மாடியிலுள்ள நான்கு அறைகளின் வாடகையே அவர் ஜீவனம். "குளிர்சாதனம் வைக்கலாம் தம்பி, ஆனால் வாடகையை ஏற்றவேண்டிவரும். பிள்ளைகள் தாங்குவார்களா?" என்று கவலையோடு வினவினார். ஒன்றரைக் கிலோவாட் கொள்ளும் குளிர்சாதனம் எட்டு மணி நேரம் இடைவிடாது ஓடினால் 12 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்திற்கென வீட்டுக்கு அப்போது இலவசமாய்க் கிடைத்த 100 யூனிட்டும் ஒன்பதாம் நாளிலேயே தீர்ந்துபோயிருக்கும். 35 வாட் மின்விசிறியோ அதே நேரத்தில் கால் யூனிட்டைச் சற்றே தாண்டும். ஆனால், விசிறி வெப்பக் காற்றையே சுழற்றினால் பயன் என்ன?

அறையினுள் ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றுமாக இரண்டு உஷ்ணமானிகளை மாட்டினோம். அறைவாசிகள் முறைவைத்து, இரண்டு மணிக்கொரு தரம், எட்டு நாள் குறித்தனர். அவ்வாறு சேர்ந்த 192 எண்களையும் அட்டவணையாக்கி அம்மையாரிடம் பெருமிதத்தோடு நீட்டினேன். அவர் அதனை மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகவே திருப்பித் தந்தார்.

அப்போது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவு வந்தது. கிரிமியப் போரில் காயத்தால் மாண்ட வீரரினும் நோயால் மாண்டவரே மிகப் பலர் என்பதை அவர் 1858-இல் வண்ணப் படங்களாக வரைந்து ஆள்வோருக்குக் காட்டினாரன்றோ? யானும் கட்டத்தாளில் இரண்டு கோடுகள் இழுத்தேன். பொழுது சாய்ந்ததும் வெளிக்கோடு இறங்கியது. அறைக்கோடோ நள்ளிரவுவரை இறங்க மறுத்தது. "வெயில் போன பின்னும் உள்ளே ஏன் சூடு?" என்றார் அம்மையார். பகலெல்லாம் வெயிலை உண்ட தளம் இரவெல்லாம் அதனைக் கக்குகிறது என்பதை அக்கோடே அவருக்கு விளக்கிற்று. பகலில் உறங்குவோனும் இரவில் உறங்குவோனும் ஒருங்கே துன்புற்றனர், குற்றவாளி கூரையே.

ஒரு கோடியிலுள்ள அறையின்மேல் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மறுகோடி அறையை அப்படியே விட்டோம். வெண்மை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். மீண்டும் எட்டு நாள் குறித்து வரைந்தபோது, சுண்ணாம்பு அடித்த அறையின் கோடு நன்கு தாழ்ந்து நின்றது. அம்மையார் முகமலர்ந்து, "அடடா, சூடு பாதியாய்க் குறைந்துவிட்டதே!" என்றார்.

எனக்கு நாணமாயிற்று. தாளின் அடிக்கோட்டை 30 டிகிரியில் தொடங்கியிருந்தேன். அதனால் மூன்று டிகிரி வேற்றுமை பெரும்பள்ளமாகத் தோன்றியது. பேசாதிருந்தால் என் எண்ணம் இனிது முடிந்திருக்கும். ஆயினும் தம் சிறு சேமிப்பைச் செலவிடப்போகிறவர் அவர். "பாதியன்று அம்மா, மூன்று டிகிரிதான்" என்று சொல்லி, கோடுகளின் பக்கத்தில் டிகிரிகளைத் தெளிவாக எழுதினேன். லாரிப் புழுதி படிந்து வெண்மை மங்குமாதலின், ஆண்டுதோறும் அடிக்கவேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் யோசித்து, "மூன்று டிகிரியும் தூக்கந்தானே தம்பி" என்றார். நான்கு அறைகளுக்கும் சுண்ணாம்பு வந்தது, மின்சாரம் குறைவாய்க் கொள்ளும் விசிறிகளும் வந்தன, வாடகை ஏறவில்லை.

மாணவ நண்பர்களே! எண்கள் பேசாதவிடத்துப் படம் பேசும். ஆதலால் எண்ணைப் பிழையின்றிக் குறிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. படமும் பொய் சொல்லாதிருத்தல் வேண்டும். அதனை நம்பிப் பணம் செலவிடுவோரும், அதன் பயனால் உறங்குவோரும் ஏழைகள்.

ஆனி மாதத்தில் ஒரு நண்பகல் மறுபடியும் அங்குச் சென்றேன். படியேறுமுன் அம்மையார் விரலை உதட்டில் வைத்து, செருப்பைக் கீழேயே கழற்றுமாறு சைகை காட்டினார். மேலே பையன் உறங்கிக்கொண்டிருந்தான்.