எடைக்குப் போடாத லேத்

அப்பா இறந்து ஓராண்டு ஆனதும், வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் கிடந்த லேத்தை விற்றுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னோம். நாங்கள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும். கோவையில் வீட்டோடு சேர்ந்த லேத் பட்டறை புதிதல்ல. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் அப்பாவும் செய்தார்.

பழைய இரும்புக்காரர் சுற்றிப் பார்த்தார். "கம்பெனி பிளேட்டே இல்லீங்கம்மா, கிலோக் கணக்குத்தான்" என்றார். தேய்த்துப் பளபளப்பாக்கினால் பட்டறைக்காரர் யாராவது கேட்கலாம் என்றும் சொன்னார்.

சரி, தேய்ப்போம் என்று எமரித் தாளோடு உட்கார்ந்தோம். பக்கத்துத் தெரு ஃபிட்டர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். பெட்டின் மேல் எமரி படவே கூடாதாம். அந்தத் தூள் சேடலுக்கு அடியில் புகுந்தால் பெட்டையே தின்றுவிடும். கைப்பிடிச் சக்கரத்தை எமரியால் தேய்க்கலாம், பஃப் போடலாம். பெட்டுக்கு மண்ணெண்ணெயும் துணியும் போதும்.

துடைக்கத் துடைக்க லேத் பேச ஆரம்பித்தது. பெட்டின் பக்கவாட்டில் நான்கைந்து பூச்சுப் பெயிண்டுக்கு அடியில் வார்ப்பு எழுத்துகள்: பட்டாலா. பஞ்சாபில் வார்ப்படத்துக்கும் லேத்துக்கும் பேர்போன ஊர். லீட் ஸ்குருவின் மேல் ஸ்கேலை வைத்து எண்ணினோம். ஓர் அங்குலத்துக்கு 4 மரை. ஆக, இது அங்குலக் கணக்கு லேத். மெட்ரிக் அளவுக்கு 1956-இலேயே சட்டம் வந்தும் இப்படிப்பட்ட லேத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு பெரிய பல்சக்கரம் கிடைத்தது. பல் 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்தச் சக்கரத்தை மாட்டினால் அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டலாம். எட்டாவதோடு பள்ளியை விட்ட அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

சேடலைச் சக் பக்கம் ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளினோம். பாதியில் பிடித்துக்கொண்டது. சக்குக்குப் பக்கத்தில் மட்டும் பெட் தேய்ந்திருக்கிறது. அவர் வேலை செய்ததெல்லாம் அந்த ஒன்றரை அடியில்தான். கீழே அவர் நின்ற பலகையிலும் இரண்டு குழிகள்.

ஊரில் வயதில் சிறியவர்கள்கூட அப்பாவை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே வேலை கொண்டுவந்தவர்கள் 'டர்னருங்க' என்றார்கள். அந்த மரியாதையும் சாய்ப்போடு நின்றது; வீட்டுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். எங்களில் ஒருவர் எம்.ஏ. சமூகவியல் படித்தவர். சாதிக்கும் தொழிலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர். வீட்டுக்குப் பின்னால் ஒருவர் அதோடு தினம் பத்து மணி நேரம் நின்றபடி மல்லுக்கட்டியதை அந்தப் பரீட்சைத் தாளில் எழுதத் தோன்றவில்லை.

பழைய இரும்புக்காரர் மறுபடி வந்தபோது அம்மாவே பதில் சொன்னார்: "எடைக்குப் போடறதில்லீங்க."

இப்போது காலனியிலிருந்து ஐடிஐ படிக்கும் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அப்பா எங்களைத் திட்டிச் சொன்ன இரண்டை மட்டும் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதே. எமரித் தாளை விரலில் சுற்றாதே.