பாஸ்டனில் பனி விழுதுகள்

மார்கழிப் பனிக்கே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் ஆசாமி நான். அப்படிப்பட்டவன் 2015-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே வசிக்கும் என் தம்பியின் வீட்டில் போய் இறங்கினேன். அந்நகரில் பனியை அளந்து எழுதத் தொடங்கிய நாள்முதல் அத்தகைய குளிர்காலம் வந்ததில்லை. அந்தப் பருவத்தில் விழுந்த பனி மொத்தம் 110 அங்குலத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டது அந்த ஒரே மாதத்தில் விழுந்தது.

முதல் நாள் காலையில் வாசலில் நின்று பார்த்தேன். தம்பி வீட்டு இறவாரம் நெடுகிலும் ஆலம் விழுதுகளைப் போல் பனிக்கட்டிகள் தொங்கி, வெயிலில் ஜொலித்தன. அடுத்த வீட்டிலோ ஒரு விழுதுகூட இல்லை. கூரைமேல் வெண்பனி மெத்தை விரித்தாற்போல் கிடந்தது. "உன் வீடுதானப்பா அழகு!" என்றேன்.

அன்றிரவே அந்த அழகின் விலை தெரிந்தது. குழந்தையின் கட்டிலுக்கு மேலே உட்கூரை நனைந்து, சொட்டுச் சொட்டாக ஜலம் விழ ஆரம்பித்தது. வெளியே சகலமும் உறைந்து கிடக்கையில் ஜலம் எங்கிருந்து வந்தது? பொழுது விடிந்ததும் தம்பி ஏணியும் கோடரியுமாகக் கிளம்பினான். அடுத்த வீட்டுப் பெரியவர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "ஏற வேண்டாம், கூரையும் உடையும், காலும் முறியும். வியாதி கூரையில் இல்லை, பரணில் இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். வீட்டுக்குள் இருக்கும் உஷ்ணம், பரண் கதவின் இடுக்கு, விளக்குக் குழி, குழாய் நுழையும் துவாரம் இவற்றின் வழியே மேலேறிக் கூரையைச் சூடாக்குகிறது. கூரைமேல் கிடக்கும் பனி அடியில் உருகிக் கீழ்நோக்கி வழிகிறது. சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாரத்துக்கு அந்த உஷ்ணம் எட்டுவதில்லை. ஆகையால் அங்கே வந்ததும் ஜலம் மறுபடி உறைந்து, நாளடைவில் ஓர் அணையாகிவிடுகிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் ஜலம், கூரை வேய்ந்த தார்த் தகடுகளின் இடுக்கில் புகுந்து வீட்டுக்குள் இறங்குகிறது. விழுதுகளைக் குளிரின் கைவேலை என்று எண்ணியிருந்தேன். அவை தம்பி காசு கொடுத்து மூட்டிய உஷ்ணம் கூரை வழியே வீணாய்ப் போனதன் அடையாளம்!

அன்றைய ஆபத்துக்கு அவரே வழியும் சொன்னார். பழைய காலுறையில் கால்சியம் குளோரைடு உப்பை நிரப்பி, அணையின் குறுக்கே கிடத்தினோம். அது பனிக்கட்டியை உருக்கி வாய்க்கால் வெட்ட, தேங்கிய ஜலம் வடிந்தது. சாப்பாட்டு உப்பு ஆகாது. தகரத்தையும் செடியையும் அரித்துவிடும். பிறகு, நீண்ட கழியில் பலகை பொருத்திய துரட்டியால், தரையில் நின்றபடியே கூரையின் கீழ் நான்கடிப் பனியை இழுத்துத் தள்ளினோம்.

நிரந்தர வைத்தியம் கோடையில் நடந்தது. பரணின் இடுக்குகளை அடைத்தார்கள். பரண் தரையில், பழைய செய்தித்தாள்களைப் பஞ்சுபோல் அரைத்து, எளிதில் தீப்பற்றாதபடி உப்புச் சேர்த்த பொருளை ஓரடிக்கு மேல் பரப்பினார்கள். இறவாரத்தில் புகுந்து கூரை முகட்டில் வெளியேறும்படி காற்றுக்கு வழி விட்டார்கள். இலையுதிர் காலம் முடிந்ததும் மழைநீர்த் தகரக் குழாய்களிலிருந்த சருகுகளையும் அகற்றினார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் தம்பியின் கடிதம் வந்தது: "அண்ணா, இவ்வருஷம் எங்கள் வீட்டில் அழகில்லை, ஒரு விழுதுகூடத் தொங்கவில்லை. குழந்தை நன்றாகத் தூங்குகிறாள்."